போல்ட் தலையில் எழுத்து இல்லாத வண்டி

எட்டயபுரம் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நடந்த பிறகுதான் செருப்பைக் கழற்றினேன். முந்தின நாள் ஐப்பசி மழை பெய்திருந்தது. லாரி வரும்போதெல்லாம் தார் ரோட்டை விட்டு இறங்க வேண்டியிருந்தது. இறங்கினால் கரிசல் மண் செருப்படியில் அப்பிக்கொள்ளும். பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலும் செங்கல் கட்டியது போலக் கனக்கும். செருப்பைப் பையில் போட்டேன். பையில் ஏற்கெனவே இரண்டு சட்டை, ஒரு கைலி, போன் சார்ஜர், ஒரு பித்தளைத் தகடு இருந்தன.

அந்தத் தகட்டால்தான் நடந்துகொண்டிருந்தேன்.

நான்கு மாதமாகப் பழைய இரும்புக் கடை ஒன்றில் கேஸ் கட்டிங் வேலை பார்த்தேன். உடைக்க வரும் வண்டிகளை நெருப்பால் வெட்டித் துண்டு போடுவது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு உப்பளம், தீப்பெட்டி ஆபீஸ், லாரியில் கிளீனர், கல் குவாரி என்று எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. இந்த வேலையில் மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வெட்டுவதற்கு முன்னால் வண்டியின் கம்பெனித் தகட்டைத் தேடிக் கண்டுபிடித்து, எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எந்தக் கம்பெனி, எந்த ஊரில் செய்தது. அறுக்கப்போகிற ஆட்டிடம் ஊர் கேட்கிறான் என்று கூட வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய மிலிட்டரி லாரி வந்தது. மூக்கை யாரோ குத்தி உள்ளே தள்ளியது மாதிரியான முகம். முன்கண்ணாடி மற்ற வண்டிகளைப் போலப் பின்னால் சாயாமல், மேல்பக்கம் முன்னே வந்து எட்டிப் பார்க்கும். மூன்று நாள் வெட்டினேன். அதில் என் கண்ணில் பதிந்தது ஒன்றுதான்: எந்தப் போல்ட்டைத் துடைத்தாலும் அதன் தலையில் ஒரே ஓர் ஆங்கில எழுத்து அச்சடித்திருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுள்ள போல்ட்டில்கூட. இவ்வளவு சின்னப் பொருளில் பெயர் போட்டுக்கொள்ளும் கம்பெனி எது என்று தகட்டைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பித்தளை மூட்டையில் போட வேண்டியதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று காலை முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“ஏலே, அந்தத் தகட்ட வச்சு நீ என்ன பூசையா பண்ணப் போற? மூட்டையில போடு.”

“இருக்கட்டும் மொதலாளி.”

“என்னது இருக்கட்டும்? போடுதியா, நடையக் கட்டுதியா?”

நடையைக் கட்டினேன். திருட்டா என்று கேட்டால் திருட்டுதான். அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை, முதலாளி மேல் கோபமும் இல்லை.

கோவில்பட்டிக்குப் பாதி தூரம் வந்திருப்பேன். ரோட்டோரப் புஞ்சையில் மக்காச்சோளம் ஏற்ற வந்த லாரி ஒன்று பின்சக்கரம் முழுக்கப் புதைந்து நின்றது. கரிசல் அப்படித்தான். காய்ந்து கிடக்கும்போது மேலே கோயில் கட்டலாம் போலிருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் மாட்டு வண்டியைக்கூட உள்ளே வாங்கிக்கொள்ளும். லாரிக்கு முன்னால், ரோட்டின் கெட்டித் தரையில், அதை இழுத்துக்கொண்டு நின்றது ஒரு பச்சை வண்டி.

நின்றுவிட்டேன். அதே குத்துப்பட்ட மூக்கு. அதே எட்டிப் பார்க்கும் கண்ணாடி. நான் மூன்று நாள் உட்கார்ந்து வெட்டியது எழுந்து வந்து நிற்பது மாதிரி இருந்தது.

வண்டியின் முன்பக்கத்து இழுவை உருளையான வின்ச்சிலிருந்து இரும்பு ரோப் ஒன்று லாரிக்குப் போயிருந்தது. பக்கத்தில் மடித்துக் கட்டிய வேட்டியோடு அறுபதை நெருங்கிய ஒருவர் நின்றார். அவர்தான் வண்டிக்காரர் என்று நிற்கிற தோரணையில் தெரிந்தது. என்னைப் பார்த்தார்.

“என்னவே, பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கீரு? அந்தப் பருத்திமார் கட்ட எடுத்து டயருக்கு முன்னால போடும்.”

போட்டேன். போன வெள்ளாமையில் பிடுங்கி வரப்பில் அடுக்கியிருந்த பருத்திச் செடிக் குச்சிகள் அவை. கரிசலில் புதைந்த டயருக்குக் கல் போட்டால் கல்லும் உள்ளே போய்விடும். பருத்திமார்தான் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாய் மாதிரி தாங்கும்.

பச்சை வண்டியிலிருந்து ஓர் இளைஞர் இறங்கி, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, ரோப்பைப் பார்க்கப் போனார். வண்டிக்காரரின் மச்சினன், வண்டியை ஓட்டுவது அவர்தான்.

“ஏலே, ரோப்புப் பக்கம் போகாதங்கேம்லா. ஏறி உக்காரு. உங்க அக்கா என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவா.”

“நீங்க பயப்படுததுக்கு எங்கக்கா பேரு எதுக்கு அத்தான்?” என்று சிரித்துக்கொண்டே அவர் ஏறிக்கொண்டார். போன வருடம் இதே மாதிரி ஒரு வேலையில் ரோப் அறுந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே அடித்திருக்கிறது. பின்னால் தெரிந்துகொண்டேன்.

வின்ச் சுற்றியது. பச்சை வண்டி நான்கு சக்கரத்தாலும் தரையைப் பிடித்துக்கொண்டு லேசாக முனகியது. மக்காச்சோள லாரி முதலில் குலுங்கி, பிறகு பருத்திமாரை நொறுக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறி வந்தது. மொத்தமே கால் மணி நேரம்.

அவர்கள் ரோப்பைச் சுற்றுகிற நேரத்தில் நான் பச்சை வண்டியின் அடியில் குனிந்து ஒரு போல்ட்டைச் சட்டை நுனியால் துடைத்தேன். எழுத்து இல்லை. அடுத்ததைத் துடைத்தேன். இல்லை. ஏழெட்டுப் பார்த்தேன். எல்லாம் மொட்டைத் தலை.

“எதைத் தொலைச்சீரு?” என்றார் வண்டிக்காரர்.

“அண்ணாச்சி, இது எந்தக் கம்பெனி வண்டி?”

“அமெரிக்கா.”

“இல்ல, இங்கிலாந்து,” என்றார் மச்சினன் மேலிருந்து.

“எங்க ஊர்ல இத ஜெர்மன் வண்டின்னுதான் சொல்லுவோம்,” என்றார் மக்காச்சோள லாரி டிரைவர், தன் பங்குக்கு.

“ஆர்.சி. புக்குல என்ன போட்டிருக்கு?” என்றேன்.

அண்ணாச்சி ஒரு பெயர் சொன்னார். அது நம் நாட்டு லாரிக் கம்பெனி. பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் இஞ்சின் வைத்தபோது, இஞ்சின் கம்பெனியின் பெயரையே வண்டிக்கும் எழுதிவிட்டார்களாம். அது அண்ணாச்சி டவுசர் போட்ட காலத்தில் நடந்தது.

அதே முகத்தை, போல்ட் தலையெல்லாம் எழுத்தோடு, நான் வெட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் ரோப்பைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார்.

“எழுத்தா? அந்தக் கோயமுத்தூர்க்காரரும் எழுத்துத்தான் கேட்டாரு. ஏறும். வீட்டுல வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஒழுங்காப் பாத்துச் சொல்லும்.”

போகும் வழியில் விவரம் சொன்னார். கோயம்புத்தூரில் ஒருவர் பழைய வண்டிகளைச் சேர்த்து, ஓடும் நிலையில் வைத்திருக்கிறார். அவரிடம் எழுத்துப் போடுகிற கம்பெனியின் மிலிட்டரி இஞ்சின் ஒன்று இருக்கிறது. அது உட்காருவதற்கு வண்டி இல்லை. அண்ணாச்சி வண்டி அந்தக் கம்பெனியுடையது என்றால் முழுசாக எடுத்துக்கொள்வார். கம்பெனித் தகட்டைப் படம் எடுத்து இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

“இல்லேன்னா?”

“இல்லேன்னா கட்டிங்தான். ரோட்டுல ஓட்ட இனிமே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எப்.சி. சீட்டு தர மாட்டேன்னுட்டாங்க. பைபாஸ்ல பெரிய பெரிய கிரேனா வந்துட்டு. வீட்டுலயும் வாக்குக் குடுத்துட்டேன். தீவாளி கழிஞ்சா இந்த வண்டி வாசல்ல நிக்காதுன்னு.”

தீபாவளி கழிந்து ஐந்து நாளாகியிருந்தது.

வீடு ரோட்டிலிருந்து ஒரு பர்லாங் உள்ளே, கரிசலுக்கு நடுவில் சரள் அடித்த மேட்டில் இருந்தது. தகரக் கொட்டகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும் அண்ணாச்சியின் மனைவி வெளியே வந்தார். முதல் பார்வை தம்பியின் காலுக்குப் போனது. இரண்டாவது பார்வைதான் எனக்கு.

“இவரு யாரு?”

“கம்பெனி பாத்துச் சொல்லுத ஆளு,” என்றார் அண்ணாச்சி.

“ஓ. வண்டிக்குச் சாதகம் பாக்க ஆள் பிடிச்சாச்சா? என் தம்பி ஆஸ்பத்திரில கெடந்தப்ப இவ்வளவு ஓடல இவிய.”

கம்மங்கஞ்சியும் சுண்டவத்தலும் கொடுத்தார். அவரை நான் மதினி என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தேன். அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தார். எண்பது வருடத்து வண்டியில் வெளியே தெரிகிற போல்ட்டை எத்தனை மெக்கானிக் மாற்றியிருப்பான் என்று கணக்கு இல்லை. அதனால் மாற்ற முடியாத போல்ட்டைத் தேடினேன். குறுக்குச் சட்டத்துக்கு மேலே, ஸ்பேனர் நுழையாத இடுக்கில் நான்கு இருந்தன. விரலை விட்டுத் தடவினேன். வழவழவென்று இருந்தது. எழுத்து இல்லை.

முகம் ஒன்று, கம்பெனி வேறா என்ற கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போனில் தேடினேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். போனைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்வேன். அது மேடையில் பேசுகிறவர் மாதிரிப் படிக்கும். பழைய மிலிட்டரி வண்டிகளுக்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் கூடிப் பேசுகிற இடம் ஒன்று கிடைத்தது. போல்ட்டையும் ஆக்ஸிலையும் மட்டும் படம் எடுத்துப் போட்டுச் சண்டை போடுகிற ஆட்கள். என்னைப் போல இத்தனை பேரா என்று ஆச்சரியமாக இருந்தது. அண்ணாச்சி வண்டியை நான்கு பக்கமும் எடுத்துப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் யாரோ ஒருவர் பதில் எழுதினார். முதலில், போல்ட் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடு, அப்போதுதான் அளவு தெரியும் என்றார். வைத்து எடுத்தேன். அடுத்த பதிலில் விஷயம் முழுவதும் இருந்தது.

யுத்த காலத்தில் கனடாவில் இரண்டு கம்பெனிகள் இந்த வண்டியைச் செய்தன. வெளியே சண்டைக்காரக் கம்பெனிகள்; ஒன்றின் விற்பனையை இன்னொன்று கெடுக்கும். ஆனால் ராணுவம் இரண்டுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்து, இவன் கதவு அவன் வண்டியில் பொருந்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதனால் முகம், சட்டம், சக்கரம் எல்லாம் ஒன்று. இஞ்சினும் அது உட்காரும் இடமும் மட்டும் அவரவருடையது. அதில் ஒரு கம்பெனி தன் பெயரின் முதல் எழுத்தைப் போல்ட்டில்கூட அடிக்கும். மற்றது அடிக்காது. இரண்டும் இன்றைக்கும் கார் செய்கிற கம்பெனிகள் என்பதால் இங்கே பெயர் வேண்டாம். எழுத்துப் போடுகிற கம்பெனி, எழுத்துப் போடாத கம்பெனி என்றே சொல்கிறேன்.

அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன்.

“அப்ப அமெரிக்காவும் இல்ல, இங்கிலாந்தும் இல்ல,” என்றார். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது மாதிரி கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “போல்ட்ட விடும். போல்ட்ட எங்க ஐயா மாத்திருப்பாவ. தகட்டுல என்ன இருக்குன்னு தெரியணும்லா,” என்றார்.

“தகடு எங்க அண்ணாச்சி?”

அவர் வண்டிக்குள் கையைக் காட்டினார்.

ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், டேஷ்போர்டில், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு. அதன் மேல், போன ஆயுத பூஜையின் குங்குமம் இன்னும் காயாத சிவப்பாக இருந்தது. ‘எங்கய்யா’ என்று இவர் சொல்கிற அப்பா இந்த வண்டியை யாரிடமோ மூன்றாம் கையாக வாங்கியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். வண்டிக்குள் பளபளவென்று இருந்த ஒரே பொருள் அந்தத் தகடு. சாமிக்குப் பொட்டு வைக்க நெற்றி வேண்டும் அல்லவா, அதையே நெற்றியாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் வண்டி முழுக்கப் பச்சை பெயிண்ட் அடிப்பார். தகட்டின் மேலும் அடிப்பார். மறுநாள் அதன்மேல் சந்தனம், குங்குமம். அடுத்த வருடம் வண்டியைக் கழுவும்போது அந்த இடத்தை மட்டும் கழுவமாட்டார். வைத்த பொட்டை அழிக்கக் கூடாது. பொட்டின் மேல் பெயிண்ட், பெயிண்டின் மேல் பொட்டு. அவருக்குப் பிறகு மகனும் அப்படியே.

காலையில்தான் முதலாளி கேட்டார், தகட்டை வைத்துப் பூசையா பண்ணப் போகிறாய் என்று. ஐம்பது வருடத்துக்கு மேல் பூசை பண்ணிய தகடு ஒன்று என் முன்னால் இருந்தது.

“சொரண்டித்தான் பாக்கணும் அண்ணாச்சி.”

“அதுக்கு வேற வழி பாரும்.”

“வேற வழி இல்ல.”

“எங்கய்யா வச்ச பொட்டு வே அது. அடியில கெடக்குதது அவிய கைப்பட்டது.”

மதினி வாசல்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “வண்டியவே வெட்டக் குடுக்கப் போறீய. பொட்டுக்குப் போயி இந்தப் பாடு.”

அண்ணாச்சி டார்ச்சைக் கீழே வைத்தார். என்னிடம், “நீரு தொடாதேயும். என்ன செய்யணும்னு சொல்லும், நா செய்யுதேன்,” என்றார்.

நெருப்பில் வேலை பார்த்தவனுக்குச் சூடு என்ன செய்யும் என்று தெரியும். சூடு பட்டால் பித்தளை ஒரு மாதிரி விரியும், மேலே உள்ளது வேறு மாதிரி விரியும், இரண்டும் பிரிந்துகொள்ளும். உளி போட்டால் உடையும். வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.

“வண்டிக்கு ஒத்தடமா?” என்று கேட்ட மதினிதான் வெந்நீர் வைத்துக்கொண்டு வந்தார். “கேட்டியாலே,” என்று தம்பியிடம் சொன்னார். “உன் காலுக்குக் குடுத்தத விடச் சூடாக் கேக்குது.”

பத்துத் தடவை துணி மாற்றினார்கள். பதினோராவது தடவை சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த விதை வெடிக்கிற மாதிரி. அண்ணாச்சி கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நெம்பினார். மேடு முழுசாக, ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டை மாதிரி, அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

நாங்கள் நான்கு பேரும் தகட்டைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பச்சைக் களிம்பு. ஈரமும் மஞ்சளும் பெயிண்டும் சேர்ந்து பித்தளையைத் தின்றுவிட்டிருந்தன. இரண்டு ஸ்க்ரூ ஓட்டை மட்டும் ஓட்டையாக இருந்தது.

“போச்சா?” என்றார் மச்சினன்.

அண்ணாச்சி கையிலிருந்ததைத் திருப்பினார், அதில் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்க்க. அடிப்பக்கம் வழவழப்பாக இல்லை. அன்று பளபளவென்று இருந்த பித்தளையின் மேல் அவருடைய அப்பா அடித்த முதல் பெயிண்டில், தகட்டின் எழுத்தெல்லாம் பதிந்து, இடம் வலம் மாறி நின்றன. வண்டியின் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். கண்ணாடிக்குள் எழுத்துகள் நேராகின. நான் கூட்டிக் கூட்டி வாசித்தேன். கனடா. ஓர் ஊரின் பெயர். கம்பெனியின் பெயர்.

எழுத்துப் போடாத கம்பெனி.

எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். போல்ட்டும் தகடும் ஒன்றையே சொல்கின்றன; நான் விரலால் தடவிச் சொன்னது சரி. அந்தச் சந்தோஷத்தோடு நிமிர்ந்து பார்த்தபோது அண்ணாச்சியின் முகத்தைக் கண்டேன். அவருக்கு அது வண்டியை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி. அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை.

பையை எடுத்து வந்து என்னிடமிருந்த தகட்டைக் காட்டினேன். எழுத்துப் போடுகிற கம்பெனியின் தகடு, எழுத்தெல்லாம் முழுசாக. மச்சினன் வாங்கி டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தார். இரண்டு ஸ்க்ரூ ஓட்டையும் நூல் பிடித்த மாதிரிப் பொருந்தின. ஒரே வரைபடம்.

“அத்தான், ரெண்டு ஸ்க்ரூ. அஞ்சு நிமிசம். படம் எடுத்து அனுப்பிருவோம். வண்டி முழுசாப் போயிரும்.”

மதினி வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். அவருக்கு வண்டி போனால் சரி.

அண்ணாச்சி அந்தத் தகட்டை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார். “இது நீரு வெட்டுன வண்டில உள்ளதா?”

“ஆமா அண்ணாச்சி.”

“வெட்டும்போது ஓடுத நெலமையில இருந்துதா?”

“இருந்துது.”

அவர் தகட்டை என்னிடமே கொடுத்தார். “செத்த வண்டி பேர இது மேல ஒட்டச் சொல்லுதான் இவன். அந்த மனுசன் கொண்டு போயி இஞ்சின எறக்குவாரு. உக்காராது. உக்கார எடம் வேறன்னு நீருதான் இப்ப வாசிச்சீரு. அப்புறம் அவரு மட்டும் என்ன செய்வாரு? அங்கன வச்சு வெட்டுவாரு. வெட்டுததா இருந்தா நம்ம வாசல்லயே வெட்டட்டும்.”

கழற்றிய பொட்டை அவர் பழைய இடத்தில் வைத்து, புதுச் சந்தனம் குழைத்து ஓரத்தில் பூசினார். பிறகு போன் போட்டார். கோயம்புத்தூர்க்காரரின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“போல்ட்டுல எழுத்து இருக்குதுங்களா?”

“இல்ல.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணுகூட இல்ல. அது மத்தக் கம்பெனி. தகட்டுலயும் பாத்தாச்சு.”

“அப்படிங்களா. பரவாயில்லீங்க. வேண்டாமுங்க.”

அடுத்த போன் இரும்புக் கடைக்கு. இந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே கடை. “கட்டிங் ஆள் இன்னைக்குத்தான் ஓடிட்டான். நானே சிலிண்டரோட காலைல வாரேன்,” என்றார் முதலாளி. ஓடிய ஆள் நான்தான் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். “அப்ப காலைல கெளம்பிரும், மூஞ்சில முழிக்க வேண்டாம்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வண்டியின் கேபினில் படுத்துக்கொண்டேன். மழை விடாமல் கேபின் தகரத்தில் அடித்தது. தூங்கிவிட்டேன்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஹாரன் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. சரள் அடித்த பாதை வளைந்து வரும். புதிதாக வருகிறவர்கள் நேராகத் தெரிகிற வண்டித் தடத்தில் இறங்கிவிடுவார்கள். முதலாளியின் மினி லாரி அதில் இறங்கி, அச்சு வரைக்கும் உள்ளே போயிருந்தது. பின்னால் இரண்டு கேஸ் சிலிண்டர் சாய்ந்து கிடந்தன. முதலாளி கணுக்காலுக்கு மேல் கரிசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

“ஏலே, நீ இங்கனயா கெடக்க? எங்கல என் தகடு?”

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பின்னால் வந்த அண்ணாச்சியைத்தான் பார்த்தார். “அண்ணாச்சி, வண்டிய எடுக்க ஏதாவது வழி பண்ணணுமே.”

“பைபாஸ் கிரேனக் கூப்பிடும்.”

“அது உள்ள வராதுல்லா. அதும் புதைஞ்சிரும்.”

“அப்ப என்ன செய்யலாங்கீரு?”

முதலாளி கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே பச்சை வண்டி, நெற்றியில் புதுச் சந்தனத்தோடு நின்றது. தான் வெட்ட வந்ததிடம் கேட்பதற்கு அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. “அதையே கொஞ்சம் எடுங்களேன்,” என்றார்.

மச்சினன்தான் முதலில் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை, மதினியைப் பார்த்தார். வாக்கு அவரிடம்தானே கொடுத்தது. மதினி வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு, புதைந்த வண்டியையும் அதற்கு அப்பால் தண்ணீர் தேங்கிய புஞ்சைகளையும் பார்த்தார். இன்னும் இரண்டு மாதம் மழை இருக்கிறது. இந்தச் சுற்று வட்டாரத்தில் தினமும் ஏதாவது ஒன்று புதையும். புஞ்சைக்குள் எப்.சி. கேட்க யாரும் வரப்போவதில்லை.

“தை வரைக்கும்,” என்றார் மதினி. “தை பொறந்ததும் கடைக்காரவிய வந்து வெட்டிக்கிடட்டும். ஆனா ஒண்ணு. ரோப்புப் பக்கம் என் தம்பி நிக்கக் கூடாது. அவன் ஸ்டியரிங்க விட்டு எறங்குனா நானே கொள்ளி வச்சிருவேன் இந்த வண்டிக்கு.”

“பின்ன கொக்கி மாட்ட ஆளு?” என்றார் அண்ணாச்சி.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும், “ரோப்பு அறுந்தா என்ன ஆகும்னு இவன் கால்ல பாத்திருப்பீரு. யோசிச்சுச் சொல்லும்,” என்றார்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. வின்ச்சைச் செய்தது அந்தக் கம்பெனியா, வேறு கம்பெனியா என்று நேற்று பார்க்காமல் விட்டுவிட்டேன். அதன் மூடியில் ஏதோ அச்சு தெரிந்தது. பக்கத்தில் இருந்தால்தான் துடைத்துப் பார்க்க முடியும்.

“மொதலாளி, தகடு?” என்றேன்.

“நீயே வச்சுக்கிட்டுத் தொலை. மொதல்ல வண்டியத் தூக்கு.”

தகட்டைப் பையில் போட்டு, மச்சினன் சரள் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய பச்சை வண்டியின் கேபினில் வைத்தேன். பருத்திமார் கட்டு இரண்டைத் தூக்கிக்கொண்டு போய் மினி லாரியின் டயருக்கு முன்னால் பரப்பினேன். பிறகு வின்ச்சிலிருந்து ரோப்பை இழுத்துக்கொண்டு, முழங்கால் அளவு கரிசலில் நடந்து, கொக்கியை மாட்டினேன்.